ஜன்னல்களுக்கு ஆகும் செலவு

மகள் பிறந்து சில மாதங்களில் நான் மறுபடி வேலையைத் தொடங்கினேன். பதுளையில் வீட்டில் இருந்தபடியே, வளைகுடா நாடொன்றின் கட்டட நிறுவனத்துக்குச் செலவு மதிப்பீடு போட்டுக் கொடுக்கும் வேலை. அந்த முறை வந்தது ஒரு விமான நிலையம். ஒலியை விட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானங்கள் வந்து இறங்க வேண்டுமானால் அந்த நிலையத்தில் எதையெல்லாம் மாற்ற வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று பார்க்க வேண்டும். ஓடுபாதையை நீட்டுவதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது சத்தம். அந்த விமானங்கள் கிளம்பும்போது இரைச்சல் அதிகம் என்பதால், சுற்றியிருக்கும் வீடுகளுக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடும் செலவு.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அப்பா கொஸ்லந்தவிலிருந்து வந்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் மெஷின் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகிப் போனவர். பிள்ளை அழுதால் கேட்காது என்று அவளைக் கீழே விடவே மாட்டார். நெஞ்சோடு வைத்திருந்தால் அழுகை உடம்பில் தெரியும் என்பார்.

ஒரு நாள் காணொளிக் கூட்டத்தில், செலவைக் குறைக்க ஜன்னல்களை எடுத்துவிடுங்கள் என்றார் மேலதிகாரி. நான் மறுத்துப் பேசினேன். கூட்டம் முடிந்ததும் அப்பா கேட்டார்.

“மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு? யாரு கூடம்மா சண்டை?”

அவர் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன்.

“ஒங்களுக்கு அந்த மெஷின் சத்தம் கஷ்டமா இல்லயாப்பா?”

“மொதல்ல தலவலிக்கும். அப்புறம் பழகிருச்சு. அந்தச் சத்தத்துல நான் பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருப்பேன். யாருக்கும் கேக்காதுல்ல.”

அப்பா பாடுவார் என்றே எனக்குத் தெரியாது. எனக்காகப் பாடச் சொன்னதற்கு வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டார். சாயங்காலம் உள் அறையில் பிள்ளைக்கு ஓர் அம்மன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். சுருதி சேரவில்லை. குரல் வீடு முழுக்கக் கேட்டது. கொஸ்லந்தவில் தேயிலைத் தோட்டத்து வீட்டிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டு, கதவருகே பிடித்தேன்.



“இத்தன வருஷத்துல எனக்கு ஒரு வரி பாடுனதில்ல,” என்றார் அம்மா. “நீ நிறுத்தச் சொல்லிராத. போன அப்பிடியே வச்சிரு.”

திருத்திய மதிப்பீட்டில் பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் மட்டும் தப்பின. வீடுகளுக்கான ஜன்னல்களை எடுத்துவிட்டார்கள். எவ்வளவோ எழுதிப் பார்த்தேன், நடக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். அவர் முன்னால் பாடமாட்டேன் என்றார் அப்பா. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதில் கத்திக் கத்தியே சம்மதிக்க வைத்தார்.