வால்வு மாற்றிய பிறகு வந்த சத்தம்

என் தம்பி தங்கராசு இறந்த பிறகு, அவனுடைய மூச்சு அவன் ஓட்டிய வேனுக்குள்ளேயே தங்கிவிட்டது என்று எங்கள் குடும்பம் நம்பியது. அப்படி நம்ப அவர்களுக்கு ஒரு காரணமும் இருந்தது. தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால், சாலையோரமாக வண்டியை ஒழுங்காக நிறுத்தி, எஞ்சினை மட்டும் அணைக்காமல், ஸ்டியரிங்கில் தலை சாய்த்தபடி அவன் இறந்திருந்தான். லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து எட்டிப் பார்க்கும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அது பழைய பெட்ரோல் வேன். எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கும். காரியமெல்லாம் முடிந்து சில வாரங்களில், வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்தால் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலிருந்து நீளமாக ஒரு முனகல் வரத் தொடங்கியது.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பேய், ஆவி, வாக்கு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இன்றும் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் இதை எழுதத் தயங்கினேன். படித்தவள் எழுதினாள் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டாம், நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் எனக்கு இருந்தது துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அது கோபம். மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது என்று தங்கராசு மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். வாய்வு என்று சொல்லிப் பூண்டைச் சுட்டுக் கொடுத்தவர் எங்கள் அண்ணன் மாதப்பன். உயிரோடு இருந்தவனுடைய மூச்சைக் கேட்காத அதே மனிதர்தான் இப்போது எஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு என்னிடம், "அவன்தான் பாப்பா, அவனேதான்" என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. "பொண்டாட்டி ஓட்டறது அவனுக்குப் புடிக்கல. அதான் அனத்தறான். வண்டியக் குடுத்துட்டு அது அம்மா வூட்டுக்குப் போவட்டும்" என்றார். சேலத்தில் ஓர் ஆளிடம் வண்டியை விலை பேசி முடித்த பிறகுதான் இதைச் சொல்கிறார் என்பது எனக்கு வேறு வழியில் தெரிய வந்தது.

தங்கராசுவின் மனைவி கஸ்தூரிக்கு அந்த வேன்தான் பிழைப்பு. ஏரியூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பறிக்கிற சாமந்தியை ஏற்றிக்கொண்டு விடியலில் தருமபுரி பூ மார்க்கெட்டுக்குப் போவாள். வண்டி போனால் அந்த வேலை போகும். வேலை போனால் மகளைக் கூட்டிக்கொண்டு அவளும் தங்கராசுவின் வீட்டை விட்டுப் போக வேண்டும். அவள் ஒரே ஒரு முறை, "மாமா, வண்டி எனக்கு வேணுங்க" என்று கேட்டாள். அண்ணன், "நானா சொல்றேன்? அவன் சொல்றான்" என்று வேன் நின்ற பக்கம் கையைக் காட்டினார்.

முனியப்பனிடம் பூ கேட்பது என்று முடிவானது. சாமியின் தோளில் பூவை வைத்துக் காத்திருப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் கஸ்தூரிக்கு, இடப்பக்கம் விழுந்தால் வண்டியை விற்றுவிடுவது.

காற்றில் ஆடும் ஒரு பூவிடம் அவளுடைய வாழ்க்கையை விட்டுவிட எனக்கு மனமில்லை. முனகல் என்றால் எங்கோ காற்று இடுக்கில் புகுந்து ஊதுகிறது என்று பொருள். புல்லாங்குழல் பாடத்தில் நான் வருடம்தோறும் சொன்னதுதான். நெட்டில் தேடிப் படித்தேன். எஞ்சினுக்குள் சேருகிற புகையை இழுத்து வெளியேற்ற விரல் நீளத்தில் ஒரு வால்வு உண்டு. அது தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரப்பரும் வெடித்துப்போனால் எஞ்சின் இப்படித்தான் முனகும். சோதிப்பதற்கும் வழி சொல்லியிருந்தார்கள். எஞ்சின் ஓடும்போதே, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினால், காற்றுக்கு வேறு வழி கிடைத்து முனகல் நின்றுவிடும்.

கஸ்தூரி வண்டியை ஸ்டார்ட் செய்தாள். நான் பக்கத்து இருக்கையைத் தூக்கி, துணியால் பிடித்துக் கம்பியை உருவினேன். முனகல் நின்றது. திரும்பச் சொருகினேன், முனகியது. கஸ்தூரி பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள்.

தருமபுரியில் மெக்கானிக் ஷபீர் எங்களைப் பார்த்ததும், "நெட்ல பாத்துட்டு வந்தீங்களா மேடம்? அப்ப நீங்களே மாத்திக்கலாமே, நான் டீ சாப்ட்டு வரேன்" என்று வம்புக்கு இழுத்தார்.

"ஸ்பானரக் குடுங்க, மாத்திக்கறோம்" என்றாள் கஸ்தூரி.

"வேணாங்கக்கா, எங்க பொழப்பு ஓடட்டும்."

பழைய வால்வை அவர் காதருகே குலுக்கிக் காட்டினார். உள்ளே கசடு இறுகி ஊமையாக இருந்தது. புதியது கிலுகிலுவென்றது. வால்வு, ரப்பர், பக்கத்துக் குழாய் மூன்றையும் மாற்றினார். திரும்பி வரும் வழியில் பாப்பாரப்பட்டியில் நிறுத்தி இருவரும் இளநீர் குடித்தோம். எஞ்சினை அணைக்கவேயில்லை. ஒரு முனகல் இல்லை.

பூ கேட்கும் நாள் காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. கஸ்தூரிதான் வேனைக் கோயிலுக்கு ஓட்டி வந்தாள். சத்தம் நின்றிருந்ததை எல்லாரும் கவனித்தார்கள். நான் பழைய வால்வைக் கையில் ஏந்திக் காட்டி, இதுதான் நீங்கள் கேட்ட ஆவி என்றேன். அண்ணன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"டவுன்ல என்னத்தையோ மாத்திக்கிட்டு வந்தா ஆச்சா? வாக்கு கேட்டுத்தான் ஆவணும்."

எங்கள் வழக்கத்தில் வண்டிக்காகப் பூ கேட்பதென்றால், வீட்டின் மூத்த ஆண் அதை ஓட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்க, சாமி முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தம்பி இறந்த பிறகு அண்ணன் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. அன்று வேட்டியை இடுக்கிக்கொண்டு ஏறிச் சாவியைத் திருப்பினார்.

"ம்ஹூம்."

முனகலாக இருந்திருந்தால் நான் வால்வைக் குறை சொல்லியிருப்பேன். இது நீளமாக இல்லை. வாயை மூடிக்கொண்டு மாட்டேன் என்கிறவர்களின் சத்தம். முதலில் தாழ்ந்து, பிறகு சற்று எழும்பி, நின்றது. கொஞ்சம் விட்டு மறுபடியும், "ம்ஹூம்." அண்ணன் எஞ்சினை அணைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்தார். மறுபடியும் அதே. அவருடைய கழுத்து நரம்புகள் புடைத்திருந்ததைப் பக்கத்தில் நின்று நான் பார்த்தேன்.

சின்ன வயதில் கஷாயம் கொடுக்கும்போது தங்கராசு எனக்கு அப்படித்தான் ம்ஹூம் என்று தலையாட்டுவான். எனக்கு மட்டும்தான். அண்ணன் சொன்ன எதற்கும் அவன் ஆயுளில் ஒரு முறைகூட மாட்டேன் என்றதில்லை.

நான் பக்கத்து இருக்கையைத் தூக்கி ஆயில் கம்பியை உருவினேன். காற்றாக இருந்தால் நின்றிருக்க வேண்டும். கம்பி என் கையில் இருந்தது, அதன் நுனியிலிருந்து எண்ணெய் என் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது, சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அப்போது வெளியே நின்ற கஸ்தூரி பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "சரிங்க. போதும், உடுங்க" என்றாள்.

நின்றுவிட்டது. எஞ்சின் அமைதியாக ஓடியது.

அண்ணன் இறங்கி, யாரையும் பார்க்காமல் நடந்து போனார். எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் சக்கரத்தடியில் கிடந்தன. பூசாரி தட்டில் இருந்த பூவை எடுத்துக் கஸ்தூரியிடம் கொடுத்து, "இதுக்கு மேல கேக்கறதுக்கு என்னம்மா இருக்குது" என்றார்.

அதன் பிறகு சேலத்து ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை. ஷபீர் இரண்டு முறை எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டார், ஒரு குறையும் இல்லை. கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உயிரோடு நின்று கேட்டவளுக்குக் கொடுக்காததை, இருக்கைக்கு அடியில் வந்த ஒரு சத்தத்துக்குப் பயந்து கொடுத்தார்கள். தங்கராசு மீதும் கோபம்தான். அந்த ஒரு ம்ஹூமை, பூண்டை நீட்டியபோது சொல்லியிருக்கலாமே.

ஆனால் என்னைத் தொந்தரவு செய்வது அந்தச் சத்தமல்ல, கஸ்தூரியின் குரல். அதில் திகைப்பு இல்லை, பயம் இல்லை. அன்றாடம் பேசிப் பழகியவரிடம் சொல்வதுபோல் இருந்தது. அவளிடம் அதைப் பற்றி நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று இருக்கிறது.

விடியலில் வேன் கிளம்பும்போது சில நாள் நானும் அவளோடு போகிறேன். பின்னால் சாமந்தி மணக்கும். தங்கராசுவின் வீட்டில் இப்போது கஸ்தூரி இருக்கிறாள், அவள் மகள் இருக்கிறாள், அங்கேயே வந்துவிட்ட நானும் இருக்கிறேன்.