அமலோற்பவம் டீச்சரின் பென்சில் கோடு

அன்று இரண்டாவது பீரியடில் நான் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஆயாவைத்தான் அனுப்புவார். அன்று அவரே வந்திருந்தார். "பாலக்கரையிலேருந்து ஆள் வந்திருக்கு. அமலோற்பவம் போயிட்டாங்க" என்றார். காய்ச்சல் என்று லீவு போட்டவர், திங்கட்கிழமை வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்துவிட்டுப் போனவர்களும் இதைப் படிப்பீர்கள். நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அடக்கம் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றே அவருடைய பதினோராம் வகுப்பின், அதாவது பள்ளியிறுதி வகுப்பின், கணக்குப் பாடத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். வருஷக் கடைசியில் வேறு ஆள் கிடைக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை இதோ வந்துவிட்டது. எனக்கு அழுகையைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது.

பாலக்கரையிலிருந்து டவுன் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் எங்கள் பெண்கள் பள்ளிக்குத் தினமும் முதல் ஆளாக வந்துவிடுவார். நாங்களெல்லாம் சிவப்பு மசியோடு நோட்டுத் திருத்த உட்காரும்போது அவர் பென்சில் சீவிக்கொண்டிருப்பார். கணக்கு தப்பாக இருந்தால் சுழிக்கமாட்டார், பெருக்கல் குறியும் போடமாட்டார். எந்த வரி வரைக்கும் சரியோ அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். "அமலோற்பவத்துக்கு மசிச் செலவு மிச்சம்" என்று கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். "தப்பை நான் சுழிச்சுக் காட்டினா, அதை அழிச்சிட்டு என் விடையை எழுதிடுவா. எதுவரைக்கும் சரியா வந்திருக்கான்னு காட்டினா, அதுக்கு அப்புறம் அவளே தேடுவா" என்பார்.

ஒருநாள் மழையில் என் வகுப்பறை ஒழுகியது. என் பெண்களை அழைத்துக்கொண்டு போய் அவர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தேன். கரும்பலகையில் தனலட்சுமி என்ற பெண் கணக்கைக் கோட்டை விட்டுவிட்டு நின்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் கோபிக்கவில்லை. "சிரிச்சவங்க எல்லாம் எழுந்திருங்க. அவ எதுவரைக்கும் சரியா செஞ்சிருக்கான்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார். சிரித்தவர்களுக்கு இப்போது கணக்கைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. "மூணாவது வரி வரைக்கும், டீச்சர்" என்றாள் ஒருத்தி. தனலட்சுமி திரும்பி நாலாவது வரியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தானே அழித்தாள். சபாஷ் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதோ? மாட்டார். "என்ன தெரிஞ்சுது? எங்களுக்கும் சொல்லு" என்று கேட்டார். பாராட்டு விஷயத்தில் அப்படியொரு கஞ்சம்.

அந்தக் கோடு அவரை ஒருமுறை நன்றாக மாட்டிவிட்டது. தனலட்சுமியின் அப்பா திருவானைக்காவலில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். மகளின் நோட்டைப் புரட்டியவர் ஒரு இடத்திலும் சிவப்பு மசி இல்லாததைப் பார்த்து, எல்லாக் கணக்கும் சரி என்று நினைத்துவிட்டார். அரையாண்டுப் பரீட்சையில் மகள் கணக்கில் தேறவில்லை என்று தெரிந்ததும் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"தப்புன்னு ஒரு எடத்துலயும் போடலியேங்க! என் பொண்ணு கணக்குல புலின்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன். தெருவுக்கே பூந்தி குடுத்தேன். இப்ப மூஞ்சியை எங்கே வெச்சுக்கறது? போதுங்க படிப்பு, நின்னுக்கட்டும்."

அமலோற்பவம் எழுந்து நின்று பதில் சொன்னார். "தப்பு என்னோடதுங்க. அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கும் சொல்லியிருக்கணும். பரீட்சை வரைக்கும் அவளை நிறுத்தாதீங்க. தேறிடுவா. நான் பொறுப்பு."

"தேறினா டீச்சர் டிரெயினிங் சேத்து விடறேன். தேறலைன்னா கல்யாணம்தான். அப்புறம் நீங்க வந்து நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் தனலட்சுமியை உட்கார வைத்துக்கொண்டார். தை பிறந்தபோது பென்சில் கோடு பக்கத்தின் பாதிக்கு இறங்கியிருந்தது. அதை என்னிடம் காட்டியபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் காய்ச்சல் வந்தது.

துக்கம் கேள்விப்பட்டு மண்டிக்காரர் வந்தார். மனுஷர் உண்மையாகவே கண் கலங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வாக்குக் குடுத்தவங்களே போயிட்டாங்க. இனிமே எதுக்குங்க பரீட்சை? மாசியிலேயே கல்யாணத்தை முடிச்சிடறேன்" என்றார். "பரீட்சை வரைக்கும் பொறுங்க. நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியவில்லை. அவரும் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் தனலட்சுமி ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள். டீச்சரின் மேஜையிலிருந்து எடுத்த பென்சில் என் கையில் இருந்தது. வரி வரியாகப் பார்த்தேன். ஐந்தாவது வரி வரைக்கும் சரி. கீழே கோடு போட்டேன். அவள் பார்த்தாள், பார்த்தாள், பிடிபடவில்லை. "ஏதாவது கேளுங்க டீச்சர். அவங்க கேப்பாங்க, அப்ப எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள். என்ன கேட்பது? ஆறாவது வரி தப்பு என்பது தெரிகிறது, ஏன் தப்பு என்பது எனக்கே தெரியவில்லை. ஆயா சாவியோடு வந்து நிற்கும்வரை இருவரும் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அமலோற்பவம், கோடு போடும் இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் கேட்கும் அந்த ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டீர்களே! உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கட்டைப் பென்சிலும் நீங்கள் கொடுத்த வாக்கும்தான். பென்சிலை வைத்துக்கொள்கிறேன். வாக்கை என்னால் தனியாகத் தாங்க முடியவில்லை.

அவரிடம் கணக்குப் படித்தவர்களே, இரங்கல் கூட்டத்தைப் பரீட்சை முடிந்து வைத்துக்கொள்வோம். அவர் உங்களை என்ன கேட்பார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பதினோராம் வகுப்பில்தான் இருப்போம். நாளைக்கும் தனலட்சுமி வந்து உட்காருவாள். யாராவது வாருங்கள்.