முதுகு படித்த விடுமுறை

நான் படித்த படிப்பின் பெயரை எங்கள் குடும்பத்தில் யாரும் ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. ஆஸ்டியோபதி. அப்பா கேட்பவர்களிடம், "எலும்பு டாக்டருக்குப் படிக்குது" என்பார். அம்மாவுக்கு அது நரம்பு டாக்டர். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருந்த தாய்மாமன் ஒருவர்தான் முழுப் பெயரையும் சொல்லத் துணிந்தவர். "என் மருமக ஆஸ்திரேலியாபதி படிக்குது" என்று கோப்பிக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆஸ்திரேலியாவில் படிப்பதால் அந்தப் பெயர் என்று அவர் நம்பினார். எனக்கும் திருத்த மனம் வரவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் மெல்பர்னில் இருந்தேன். நான் படித்த இடம் அப்போது கல்லூரிதான், பிற்பாடுதான் பல்கலைக்கழகம் ஆனது. ஆனால் எங்கள் வீட்டில் அது முதல் நாளிலிருந்தே யூனிவர்சிட்டி. முதுகிலும் கழுத்திலும் மூட்டுகளிலும் உள்ள இறுக்கத்தைக் கையால் தொட்டுக் கண்டுபிடித்து, கையாலேயே சரிசெய்கிற வைத்தியம் அது. மாத்திரையும் இல்லை, கத்தியும் இல்லை.

அந்தப் படிப்புக்கு நான் போனதற்கு அண்ணனின் முதுகுதான் காரணம். அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். ஒருநாள் இரும்புத் தகடு ஒன்றைத் தூக்கப்போய், அப்படியே மடங்கி நின்றுவிட்டார். மாதக்கணக்கில் குனிய முடியவில்லை. கூட வேலை பார்த்த ஆஸ்திரேலியக்காரர் ஒருவர், தங்கள் நாட்டுப் பெண் ஒருத்தி இதற்கென்றே படித்துவிட்டுச் சிங்கப்பூரிலேயே தொழில் செய்வதாகச் சொல்லி அவளிடம் கூட்டிப்போனார். அந்த ஆண்டு தீபாவளிக்கு வந்த அண்ணன், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு முன்னறை நடுவில் நின்று, குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்து, மருத்துவத்துக்கு இடம் கிடைக்காமல், ஈப்போவில் ஒரு மருந்துக்கடையில் புட்டிகளுக்கு லேபல் ஒட்டிக்கொண்டிருந்த நேரம்.

"நீ இதப் படி. நான் அனுப்புறேன்," என்றார்.

"இது என்னா படிப்புன்னே தெரியாதேண்ணே."

"எனக்கும்தான் தெரியாது. ஆனா நான் குனியிறேன், பாத்தியா?"

இதைவிட நல்ல காரணம் எனக்கும் தோன்றவில்லை.

புத்தகப் படிப்பு எனக்குச் சிரமமாக இல்லை. எலும்புகளின் பெயர்களையும் தசைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதையும் பஸ்ஸில் போகும்போதே மனப்பாடம் செய்துவிடுவேன். சிரமமெல்லாம் செய்முறை வகுப்பில்தான். அங்கே மாணவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்க்க வேண்டும். முதுகைப் பார்க்க வேண்டுமென்றால் சட்டையைக் கழற்ற வேண்டும். முதல் வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் நீச்சல் குளத்துக்கு வந்தவர்களைப் போல நின்றார்கள். நான் என் கம்பளிச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு ஜோடியாக வந்தவள் ஆட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்த பெண். நான் நிற்கும் நிலையைப் பார்த்து எதுவும் கேட்காமல் ஒரு துண்டை எடுத்து என் முன்புறம் போர்த்தினாள். "முதுகு மட்டும் போதும். முன்பக்கத்தில் எனக்கு வேலை இல்லை," என்றாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

கூச்சம் போகச் சில வாரங்கள் ஆயின. ஆனால் தொடுவதில்தான் எனக்கு வராத ஒன்று இருந்தது. அவள் கை என் முதுகில் விழுந்தால் விழுந்ததுதான். ஆட்டைப் பிடித்துப் பழகிய கை. என் கை அப்படி இல்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் தொட்டுக்கொள்கிற வழக்கம் இல்லை. அன்புக்குக் குறைவில்லை. காய்ச்சல் வந்தால் அம்மா நெற்றியில் கை வைப்பார். பரீட்சையில் தேறினால் அப்பா தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். அதோடு சரி. இன்னொருவர் முதுகில் உள்ளங்கையை வைத்து, அவசரமில்லாமல் காத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

செய்முறை ஆசிரியை நெட்டையான பெண்மணி. நல்லதோ கெட்டதோ, ஒரே குரலில்தான் சொல்வார். இரண்டாம் ஆண்டு முடிவில் மயிரிழையில் தேறிய என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நீ தொடுவது, கதவைத் தட்டிவிட்டு யாரும் திறப்பதற்குள் ஓடிப்போவது மாதிரி இருக்கிறது," என்றார். "ஊருக்குப் போகிறாய் அல்லவா? கிடைத்த முதுகையெல்லாம் தொட்டுப் பார். திறக்கும்வரை நில். ஆனால் யாருக்கும் எதையும் முறிக்காதே, திருப்பாதே. அதற்கு உனக்கு இன்னும் அனுமதி இல்லை. தொடுவதும் கேட்பதும் மட்டும்தான்."

டிசம்பரில் வீட்டுக்கு வந்தேன். பின்னால் இருந்த சுண்ணாம்பு மலை மழையில் பாதி மறைந்திருந்தது. சாப்பாடு முடிந்ததும் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் படுக்கச் சொன்னதும் அம்மா எழுந்துவிட்டார்.

"சோறு திங்கிற மேசையில ஆள் படுக்கிறதா? எந்த ஊரு பழக்கம் இது?"

அப்பா ஈயச் சுரங்கங்களுக்கு இயந்திரம் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். மறுநாள் மாலை, பட்டறை லோரியில் ஒரு மேசையோடு வந்து இறங்கினார். இரும்புக் கால், பலகை, அதன்மேல் பழைய மெத்தையிலிருந்து வெட்டியெடுத்த பஞ்சு. முகத்தை வைத்துக்கொள்ள ஓர் ஓட்டைகூட வெட்டியிருந்தார். நான் கடிதத்தில் எப்போதோ எழுதியதை நினைவு வைத்திருந்திருக்கிறார்.

"ஆன ஏறிப் படுத்தாலும் தாங்கும்," என்றார். முன்னறையில் பாதியை அந்த மேசை அடைத்துக்கொண்டது.

முதலில் படுத்தது அம்மா. கை வைத்த நொடியில் கூச்சம் தாங்காமல் சிரிக்க ஆரம்பித்து, ஓட்டைக்குள் முகத்தை வைத்தபடியே சிரித்துத் தீர்த்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கி, மூச்சு சீரானது. அப்போதுதான் அம்மாவின் வலது தோள் இடதைவிட இறங்கியிருப்பது என் விரலுக்குத் தெரிந்தது. குனோங் ராபாட்டுக்கு வருவதற்கு முன், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில், காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு அந்தத் தோளில்தான் சுமந்திருக்கிறார். பிறந்ததிலிருந்து கூடவே இருந்தும் நான் ஒருநாளும் கண்டதில்லை. அம்மா தூங்கிப்போனார்.

அதற்குப் பிறகு ஆள் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அதே தோட்டத்திலிருந்து வெளியேறி அக்கம்பக்கத்தில் குடியேறியிருந்த அக்காமார்கள் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரு தோள் இறங்கியிருந்தது. எதிர் வீட்டுச் சீன ஆண்ட்டி மீ என்கிற நூடுல்ஸுக்கு மாவு பிசைகிறவர். கட்டைவிரலால் தன் தோள்பட்டையைக் குத்திக் காட்டி, "சாக்கிட் சினி, சினி" என்று வலிக்கிற இடத்தையெல்லாம் சொல்லிக்கொண்டே படுத்தார். தொடுவேன், கேட்பேன், கைக்கு அடியில் இறுக்கம் இளகும் வரை காத்திருப்பேன். அவ்வளவுதான். ஆனால் வந்தவர்களுக்கு அது போதவில்லை. பெரும்பாலோர் 'மடக்' என்று சத்தம் வரும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள்.

"முடிஞ்சிருச்சா?" என்று எழுந்து உட்கார்ந்தபடி கேட்டார் ஓர் அக்கா.

"முடிஞ்சிருச்சுக்கா. இன்னும் படிச்சு முடிக்கல. தொட்டுப் பாக்கத்தான் சொல்லியிருக்காங்க."

"தொட்டுப் பாக்குறதுக்கா மெல்பர்ன் வரைக்கும் போன? அத இங்கயே செஞ்சிருக்கலாம்லா."

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் சுங்கை சிப்புட் மாமாவின் லோரி வந்து நின்றது. மாமா மலை உடைக்கும் குவாரியிலிருந்து கல் ஏற்றுகிறவர். அந்த லோரி எங்கள் வரிசை வீட்டுச் சந்துக்குள் நுழைந்தால் மோட்டார் சைக்கிள்கூடப் போக வழியிருக்காது. அத்தையும் கூட வந்திருந்தார். மாமா வாசலில் நிற்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கணும். அதுக்குள்ள முதுக நேராக்கிரு," என்றார். "லோரி சீட்டு ஒக்காந்து ஒக்காந்து போயிருச்சு. மலாய்க்காரர் ஒருத்தர்ட்ட எண்ணெ போட்டுப் புடிச்சிப் பாத்துட்டேன். கேக்கல."

மேசையில் படுக்கச் சொன்னேன். வகுப்பில் சொல்லிக் கொடுத்த வரிசைப்படி தொட்டேன். லோரிக்காரர் முதுகு இறுகித்தான் இருந்தது. ஆனால் இந்த வலிக்கு அந்த இறுக்கம் பொருந்தவில்லை. உட்காரச் சொன்னேன். குனியச் சொன்னேன், இருபக்கமும் திரும்பச் சொன்னேன். எல்லாம் செய்தார். எதற்கும் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எப்ப வலிக்குது மாமா?"

"வரும், போவும். வந்தா ஒரு எடத்துல ஒக்கார முடியாது, படுக்கவும் முடியாது."

"வேற எங்கயாச்சும் எறங்குதா?"

மாமா சுவரைப் பார்த்தார். அத்தைதான் சொன்னார்: "கீழ எறங்குதாம். ஒன்னுக்குப் போறதும் சரியில்ல. மருமகட்ட சொல்ல வெக்கம் இவருக்கு."

விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே, முதுகெலும்பை ஒட்டி, கையை மடித்து மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். மாமா மேசையிலிருந்து துள்ளி இறங்கிவிட்டார். புத்தகத்தில் படித்தது என் கைக்கு அடியில் நடந்தது அதுதான் முதல் தடவை.

"மாமா, இது முதுகு இல்ல. உள்ளுக்குள்ள, கிட்னி மாதிரி தெரியுது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

மாமா சட்டையைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். கோபமில்லை, ஏமாற்றம். "ரெண்டு வருஷம் படிச்சிட்டு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்றியா? அத கோப்பிக்கடைக்காரனே சொல்லுவான்லா."

முன்பெல்லாம் நான் அந்த இடத்தில் பின்வாங்கியிருப்பேன். அன்று அப்படிச் செய்யவில்லை. அவர் கையைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்து மாமாவின் கையை நான் பிடித்தது அதுவே முதல் தடவை. "எனக்கு எது தெரியாதுங்கிறதும் அங்க சொல்லித் தந்திருக்காங்க மாமா. இது என் வேலையில்ல. வாங்க போலாம்," என்றேன். மாமா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரிடம் காருக்குச் சொல்லிவிட்டார்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துச் சிறுநீரகத்திலிருந்து இறங்கி நடுவழியில் மாட்டியிருந்த கல் என்றார்கள். சிறியதுதான், தானாகவே வந்துவிடும், வலிக்கு மருந்து எடுத்துக்கொண்டு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அத்தை வேளைக்கு ஒரு குடம் பார்லித் தண்ணீர் காய்ச்சினார். ஒரு வாரத்துக்குள் கல் வெளியே வந்தது. மாமா அதைத் தைலப் புட்டி ஒன்றில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சுங்கை சிப்புட் கோப்பிக்கடையில் மேசை மேசையாகக் காட்டினார்.

"நாள் பூரா கல்லு ஏத்துற ஆளு, உள்ளயும் ஏத்திக்கிட்டியா மச்சான்?" என்று கேட்டுக் கடையே சிரித்ததாம்.

தைப்பூசத்துக்கு மாமா காவடி எடுத்தார். குகைக் கோயில் படியில் அவர் ஆடிக்கொண்டு ஏறுவதைக் கூட்டத்தில் நின்று பார்த்தேன். சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. மாமா கதையைச் சொல்லும்போது ஆஸ்பத்திரியைச் சேர்க்க மறந்துவிடுவார். "மருமக ஒரே தட்டு. கல்லு வெளிய வந்திருச்சு." அவ்வளவுதான் கதை. அடுத்த ஞாயிறு காலை எங்கள் சந்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பாகான் செராயிலிருந்து வயல்காரர் ஒருவர்கூட மனைவியோடு பஸ் மாறி வந்திருந்தார். எல்லோருக்கும் ஒரு தட்டு வேண்டும்.

நான் வாசலில் நின்று, ஆஸ்பத்திரியையும் படத்தையும் பார்லித் தண்ணீரையும் விளக்கி விளக்கிச் சொன்னேன். வயல்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பரவால்லம்மா. வந்தது வந்துட்டோம், சும்மா தொட்டாவது பாரு" என்றார். அம்மா எல்லோருக்கும் கோப்பி கலக்கினார். அப்பா மேசையைத் துடைத்துப் போட்டார். அன்று நான் தொட்ட முதுகுகள் மெல்பர்னில் ஒரு பருவம் முழுக்கத் தொட்டதைவிட அதிகம். நாற்று நடுகிறவர் முதுகு, கல் உடைக்கிறவர் முதுகு, துணி தைக்கிறவர் கழுத்து. சிலரைக் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். பலருக்கு ஒன்றும் சொல்லவில்லை. கை வைத்துக் காத்திருந்தேன். மாலையில் கை கனத்துப்போயிருந்தது. ஆனால் எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்று அதுவே முடிவுசெய்ய ஆரம்பித்திருந்தது.

மூன்றாம் ஆண்டின் முதல் செய்முறை வகுப்பில் என் சிநேகிதியின் முதுகில் கை வைத்தேன். அவள் தலையை நிமிர்த்தி, "விடுமுறையில் என்ன செய்தாய்?" என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். கல் கதை வந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் ஆசிரியை எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். என்னை ஒதுங்கச் சொல்லவில்லை. என் மணிக்கட்டின்மேல் இரண்டு விரலை வைத்து, என் கை செய்வதைக் கவனித்தார். பிறகு அதே குரலில், "சரி, அடுத்தது கழுத்து" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

பட்டம் வாங்கி ஊர் திரும்பியதும், ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் அறை எடுத்தேன். முதல் நாள் வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. கழுத்தைத் திருப்ப முடியாததால் ஒரு மாதமாகக் காரைப் பின்னால் எடுக்கப் பயந்து, எங்கே போனாலும் நேராகவே நிறுத்தி நேராகவே எடுக்கிற இடமாகத் தேடித் திரிவதாகச் சொன்னார். அரை மணி நேரம் அவரோடு இருந்தேன். எழுந்தவர் மெதுவாக இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார், கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார். நான் ஜன்னலருகே நின்று பார்த்தேன். அவர் கார், அதற்குள் வந்து நின்றுவிட்ட இரண்டு லோரிகளுக்கு நடுவில் மாட்டியிருந்தது. கதவைச் சாத்தினார், தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார், ஒரே மூச்சில் காரைச் சாலைக்குக் கொண்டுவந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி அதே இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை பின்னால் எடுத்தார்.