கிழக்கே எழுந்த புகை

எங்க ஊரை டவுன்னும் சொல்லலாம், பட்டிக்காடுன்னும் சொல்லலாம். வடக்கே கடைவீதி. வத்தல், பருப்பு மண்டி வச்சிருக்கிறவுக வீடெல்லாம் அங்கனதான். ரயில் ரோட்டுக்கு மேற்கே நிலம் வச்சிருக்கிற சம்சாரிக. தெற்கே கண்மாய்க்கரையை ஒட்டி நாங்க. ஒரு காலத்துல அவுக காட்டுல களையெடுத்தோம். மழை பொய்ச்சுப்போயி இப்போ அந்தக் காட்டுல வேலிக்கருவைதான் நிக்குது. சம்சாரி வீட்டுப் பொம்பளைகளும் எங்களோட வெடி கம்பெனி வேன்ல வாராக. ஏறுற இடம் மட்டும் வேற. அவுக முக்குல அவுக, எங்க முக்குல நாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இப்போ இந்திக்காரப் பையன்களும் குடியிருக்கிறாக.

எனக்குப் பெரிய படிப்பில்லை. இதையும் எழுத்துக்கூட்டித்தான் எழுதுறேன். ஆனா எந்தக் கம்பெனி எந்தத் திக்குல இருக்குன்னு எங்க தெரு என்கிட்டதான் கேக்கும். வெடிச்சத்தம் கேட்டா, பொம்பளைக புகையைப் பார்த்துட்டு என் வாசலுக்கு வருவாக. "அத்தையைக் கலெக்டர் ஆபீஸ்லல்ல உக்கார வைக்கணும்"னு மருமக கேலி பண்ணுவா. எனக்கு அதுல பெருமைதான்.

தீவாளி சீசன்ல ஒரு மத்தியானம் வீட்டுத் தட்டுமுட்டெல்லாம் அதிர்ந்துச்சு. வெளியே வந்து பார்த்தேன். புகை கிழக்கே. மருமக வேலை பார்க்கிற கம்பெனி மேற்கே, கல்குவாரிக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டுக்காரி தலைமுடி அவிழ ஓடி வந்தா.

"மதினி, உங்க மருமக?"

"அவ மேற்கேல்ல போயிருக்கா. உன் மகதான் கிழக்கே. நிக்காதடி, ஓடு."

அவளை ஆட்டோவுல ஏத்திவிட்டு, இருக்கன்குடி ஆத்தாளைக் கும்பிட்டுட்டு உலை வச்சேன்.

சாயங்காலம் மேற்கே போன வேன் வந்துச்சு. இறங்கினவுக ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கலை.

"எங்கடி என் மருமக?"

கடைசியா இறங்கினவ அழுதுக்கிட்டே சொன்னா: "அத்தை, கிழக்கே ஆர்டர் முடியலை, ஆள் பத்தலைன்னு காலையிலேயே அவளை வேற வேன்ல ஏத்திவிட்டாக. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

மகன் லாரியோட வெளியூர்ல இருந்தான். நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "எந்தக் கம்பெனிம்மா?"ன்னார் வாசல்ல நின்னவர். பழக்கத்துல மேற்கே கம்பெனியைச் சொல்லிட்டேன்.

"அங்கேயிருந்து யாரும் வரலை. போங்க."

"எந்தக் கம்பெனியா இருந்தா உமக்கென்னய்யா? என் வீட்டுப் பிள்ளையைப் பார்க்க வந்திருக்கேன். வழியை விடும்."

விட்டுட்டார். கட்டில் கட்டிலா பார்த்துக்கிட்டே போனேன். எல்லாம் ஒரே துணிக்கட்டு, முகம் தெரியலை. கடந்துபோன என்னை மருமக குரல்தான் நிறுத்துச்சு.

"வழி கண்டுபிடிச்சு வந்துட்டீகளா, அத்தை?"

"வந்துட்டேன் தாயி."

அதோட அவ பேச்சு நின்னுபோச்சு. மறுநாள் காலையில உசுரும் போச்சு.

பக்கத்து வீட்டுக்காரி மகள் கைக்காயத்தோட தப்பிச்சிருந்தா. அவ சொல்லித்தான் தெரியும், அந்த வெடியிலயே செத்துப்போன ஒரு சம்சாரி வீட்டுப் பொண்ணும் என் மருமகளும் ஒரே அறையில எதிரெதிரே உக்கார்ந்து மருந்து அடைச்சாகளாம். ரெண்டு பேர் பொணத்தையும் ஆஸ்பத்திரியில ஒரே நேரத்துலதான் கொடுத்தாக. ரெண்டு வண்டியும் முன்னும் பின்னுமா வந்து, பஸ் ஸ்டாண்டு முக்குல பிரிஞ்சது. அவுக சுடுகாடு மேற்கே, எங்களுது கண்மாய்க்குத் தெற்கே.

மகன் இன்னும் வந்து சேரலை. அங்கன அவளை இறக்கி வச்சுட்டு, லாரிச் சத்தம் கேக்குதான்னு ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தோம். வெயில் ஏறிக்கிட்டே போச்சு.