மாதா நெற்றியில் மஞ்சள்

யுத்தம் முடிந்த வருஷம் மழைக்காலம் முழுவதும் நான் ஒரு சுவரோடு குடித்தனம் நடத்தினேன். செம்பூரைத் தாண்டி, உப்பங்கழி ஓரத்தில், போர்த்துகீசியர் கட்டிய பழைய மாதா கோயில் அது. ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் வர்ணம் ஏற்றுகிற இத்தாலிக்காரர்கள் பாணியில் பீடத்துக்குப் பின்னால் ஒரு சித்திரம் இருந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்து வெள்ளையடித்து, அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்கள் அந்தப் புண்ணியவான்கள். ஒரு மூலை பெயர்ந்து நீலம் தெரிந்த பிறகுதான், தாராவியில் கடை போர்டு எழுதிக்கொண்டிருந்த என்னைத் தேடி வந்தார் கோவாக்காரப் பாதிரியார்.

வெள்ளையை மெல்லப் பெயர்த்துவிட்டு, மெழுகுவத்திக் கரியைப் பாவ் ரொட்டியின் மெதுவான உள்பாகத்தால் ஒற்றி எடுப்பேன். ரேஷன் காலத்தில் சுவருக்கு ரொட்டி ஊட்டுகிறோமே என்று வயிறு எரியும். ஆனால் நீல முக்காடும் குழந்தையின் குண்டுக் காலும் வெளியே வர வர, அந்த மழைச் சத்தத்தில் நான் தூங்குகிறேனா வேலை செய்கிறேனா என்றே தெரியாது. மாதாவின் நெற்றி மட்டும் உதிர்ந்து பள்ளமாக இருந்தது. புதுச் சுண்ணாம்பு வைத்து அடைத்தேன்.

அன்று மத்தியானம் சோறு கொண்டுவந்த என் மனைவி சுவரைப் பார்த்தபடியே நின்றாள். அவளுக்கு ஏழாம் மாதம். முந்தின இரண்டும் பிறக்கும்போதே உயிரில்லாமல் பிறந்தவை. இதுவாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. நான் கை கழுவித் திரும்புவதற்குள், நான் நின்று வேலை செய்கிற முழங்கால் உயரச் சாரத்தில் ஏறி, முந்தானையில் முடிந்திருந்த மஞ்சள்தூளை ஈர விரலால் தொட்டு மாதா நெற்றியில் வைத்துவிட்டாள். கண்ணெதிரே அது சிவந்து குங்குமமாயிற்று.

“அடிப்பாவி! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!”

“பிள்ளையும் கையுமா இருக்காவ. நெத்திய மூளியா விடுததா?”

“சுண்ணாம்பு பட்டா மஞ்சள் செவக்கத்தான் செய்யும். இது என்ன அதிசயமா?”

“ஆரத்தி கரைச்சவளுக்கு அது தெரியாதாக்கும்?” என்றாள். “இருந்தாலும் செவந்துட்டுல்லா.”

அவள் முகத்தைப் பார்த்தேன். வெகுநாளைக்குப் பிறகு அதில் பயம் இல்லை. அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பாதிரியாரிடம் உள்ளதைச் சொன்னேன். வேலை போயிற்று என்று தூரிகைகளைக் கழுவிக் கட்டியே வைத்திருந்தேன். அவர் அந்தப் பொட்டை வெகுநேரம் பார்த்தார். “பச்சா ஹோனே தோ,” என்றார். குழந்தை பிறக்கட்டும், பிறகு எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

பெண் பிறந்தாள். தீட்டுக் கழிந்ததும் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதிரியாரும் அங்கே இருந்தார்; பேச்சு மாறக் கூடாதே என்று கத்தியை எடுத்தேன். கை எழவில்லை.

“சொன்ன சொல்லு சொல்லுதான். சுரண்டுங்க,” என்றாள் அவள்.

சுரண்டினேன். பொட்டு மங்கிப்போயிருந்தது. உதிர்ந்த தூளைக் கீழே விழவிடாமல் உள்ளங்கையில் ஏந்தி, குழந்தையின் நெற்றியில் தொட்டு வைத்தாள். குழந்தை வீறிட்டது. கோயில் முழுக்க அந்த அழுகை எதிரொலித்தது. முந்தின இரண்டின் குரலையும் நான் கேட்டதே இல்லை. பாதிரியார் பார்க்கிறார் என்றும் பாராமல், சாரத்தின் மேலேயே உட்கார்ந்து நானும் அழுதேன்.