லீவில் பிறந்தவர்களின் கலர் டிரெஸ்

சென்ற வாரம் எங்கள் பள்ளித் தோழிகளின் வாட்சப் குழு அமளிதுமளிப்பட்டது. படிக்கிற காலத்தில் பிடித்த ஃபேஷன் எது, பிடிக்காத ஃபேஷன் எது என்று யாரோ கிளப்பிவிட, ஆளாளுக்குப் பொரிந்து தள்ளினோம். குடை மாதிரி விரியும் மிடி, பஃப் கை கவுன், கண்ணைக் குத்தும் பச்சையில் ஹேர் பேண்டு! பிடிக்காததில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பதில்: பெங்களூர்க் குளிருக்கு அம்மாக்கள் மாட்டிவிட்ட குரங்குக் குல்லா. அதற்கு பிலோமினா அக்கா குரல்பதிவு அனுப்பினார்.

"ஏய், அதே குல்லாவ நான் மடிச்சி மடிச்சி ஸ்டைலா போட்டேனே, ஞாபகம் இல்லியா? நீங்கதான்டி கொரங்கு மாதிரி போட்டீங்க!"

மறுநாள் காலை அதே எண்ணிலிருந்து அவருடைய தங்கை மேரி எழுதியிருந்தார். மாரடைப்பு. அக்கா போய்விட்டார். அந்தக் குரல்பதிவைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்து. பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர். எங்களுக்கெல்லாம் யூனிஃபார்ம் என்றால் யூனிஃபார்ம்தான். அவருக்கு அது ஆயிரம் வித்தை காட்டும் துணி! திங்கட்கிழமை பெல்ட்டை இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டுவார். புதன்கிழமை சாக்ஸை மூன்று மடிப்பு மடிப்பார். வெள்ளிக்கிழமை ரிப்பனில் ரோஜாப்பூ. அடுத்த வாரம் பள்ளி முழுக்க ரோஜாப்பூ பூத்திருக்கும். அவர் அதற்குள் வேறொன்றுக்குத் தாவியிருப்பார்.

எங்கள் கான்வென்ட் பள்ளியில் பிறந்த நாளன்று மட்டும் கலர் டிரெஸ் போடலாம். வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி மிட்டாய் கொடுக்கலாம். அன்றைக்குப் பிறந்த நாள்காரிதான் மகாராணி. நான் பிறந்ததோ மே மாதம், முழுப் பரீட்சை லீவில். ஆறாம் வகுப்பு வரைக்கும் ஒரு நாள்கூட நான் கலர் டிரெஸ்ஸில் பள்ளி வாசலை மிதித்ததில்லை. அம்மா எனக்குத் தைத்துக் கொடுத்த ஆரஞ்சு நிற பஃப் கை கவுன் பெட்டியிலேயே கிடந்தது. இன்னும் ஒரு வருஷம் போனால் அது எனக்குப் பற்றாது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லி அழுதுவிட்டேன்.

அக்கா டிபன் பாக்ஸை மூடினார். "எனக்கும் கிறிஸ்மஸ் லீவுலதான்டி பர்த்டே. வா, சிஸ்டர்கிட்ட போலாம்" என்றார். போகிற வழியில் தசரா லீவு, கோடை லீவு என்று லீவில் பிறந்த அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டார். தலைமை சிஸ்டர் அறை வாசலில் பெரிய வரிசையே நின்றது.

"சிஸ்டர், லீவுல பொறந்தது எங்க தப்பா?"

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார். கடைசியில், தசரா லீவு விடுவதற்கு முந்தைய நாள் லீவுப் பிள்ளைகள் எல்லோரும் கலர் டிரெஸ் போடலாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் கத்திய கத்து அல்சூர் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும்!

அந்த நாள் வந்தது. அக்கா என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கவுனு சூப்பர். பஃப்புதான் படுத்துக்கிச்சி, சும்னே இரு, ஆடாத" என்று சொல்லி, பழைய செய்தித்தாளைக் கசக்கி கவுனின் இரண்டு கைகளுக்குள்ளும் திணித்தார். பஃப் காது வரைக்கும் எழும்பியது. ஆனால் மிட்டாய் கொடுக்கக் கையை நீட்டும்போதெல்லாம் சரக் சரக்கென்று சத்தம். கணக்கு மிஸ்ஸே சிரித்துவிட்டார். எனக்கு வெட்கமாவது ஒன்றாவது! அன்று நான் தரையில் நடக்கவில்லை.

அக்கா மட்டும் யூனிஃபார்மில் வந்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் கலரா வந்தா லீடர் யாருன்னு சிஸ்டருக்கு எப்டிடீ தெரியும்?" என்றார். நானும் நம்பினேன்.

பிறகு அவர் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய், லைன் சூப்பர்வைசர் ஆனார். கிளிப்பச்சை, ராணி பிங்க் என்று தினம் ஒரு நிறத்தில் பஸ் ஏறுவார். "பஸ்ஸு தூரத்துல வரும்போதே டிரைவர் என்னைப் பாத்து பிரேக் போடணும்" என்பார்.

செய்தி வந்த அன்று காலை வெள்ளைப் புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். சந்து முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். படத்தில் அக்கா கூலிங் கிளாஸோடு சிரித்தார். கீழே தோற்றம் என்ற இடத்தில் ஜூலை மாதம் போட்டிருந்தது.

"மேரி, தேதி தப்பா அடிச்சிட்டாங்களா? டிசம்பர்தானே?"

மேரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இல்லக்கா, ஜூலைதான். ஸ்கூல் நாள்லதான் வரும். அப்போ எங்க வீட்ல யாருக்கு இருந்திச்சி கலர் டிரெஸ்ஸு? யூனிஃபார்ம உட்டா வேற ஒண்ணும் இல்லக்கா. வெளிய சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிச்சி."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தனக்குப் போட ஒன்றுமில்லாத ஒரு நாளுக்காக அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் சிஸ்டர் முன்னால் நின்று வாதாடியிருக்கிறார், எனக்காக.

எழுந்து வீட்டுக்குப் போனேன். வெள்ளையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பீரோவில் இருந்ததிலேயே பளபளக்கும் மயில் நீலப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். முன்வரிசைக்குப் போய் நின்று, ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டேன்.

பர்த்டே வாழ்த்துகள், அக்கா. போய் வாருங்கள்.