கரி இல்லைங்க, பழைய வாட்டர் பாட்டில்

இன்னிக்கு நெய்வேலியில கரி திருடினேன்னு என்னை நிறுத்தி வெச்சுட்டாங்க.

மைன்ஸ்ல ஒரு இன்ஜினியர்கிட்ட சாம்பிள் காட்டிட்டு கேட்டுக்கு வந்தேன். பையில இருந்தது எங்க லேப்ல செஞ்ச ஃபோம் டப்பா. பழைய வாட்டர் பாட்டிலை உருக்கி, கார்பன் கலந்து செஞ்சது. செல்போன் அலையை உள்ள விடாது. நிறம் கறுப்பு. இந்த ஊர்ல அது போதும்.

"கரிதானே மேடம்?" என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

"கரி இவ்வளவு லேசாவா இருக்கும்? தூக்கிப் பாருங்கண்ணா."

தூக்கிப் பார்த்தார். "காஞ்ச கரியா இருக்கும்."

ஆபீசருக்கு போன் போட்டார். "விசாரிச்சுட்டு திரும்பக் கூப்புடறேன்றாரு. உக்காருங்க."

நான் சும்மா உட்கார்ந்திருக்கலாம். "காட்டுறேன் பாருங்க"ன்னு செக்யூரிட்டி அண்ணன் போனை வாங்கி டப்பாவுக்குள்ள வெச்சு மூடி, என் போன்ல இருந்து கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு வந்துச்சு.

"டவர் போயிருக்கும் மேடம். மைன்ஸ் பக்கம் எப்பவும் இப்படித்தான்."

"டவர் இல்லண்ணா, டப்பா!"

அரை மணி நேரம் இதே சண்டை. பண்ருட்டி பஸ் என் கண்ணெதிர்லயே போச்சு.

கடைசியில ஆபீசரே பைக்ல வந்து கத்தினார். "எத்தினி வாட்டிய்யா கூப்புடறது? அவங்கள அப்பவே அனுப்பச் சொல்லத்தான் அடிச்சேன், லைனே போகல!"

போன் இன்னும் டப்பாவுக்குள்ளதான் இருந்துச்சு.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். முகத்துல அப்படி ஒரு வெற்றி.

"நான்தான் சொன்னேனே மேடம், டவர் இல்லன்னு."

இதுக்கு மேல என்னங்க டெமோ காட்டுறது?